மத்தியான ரசிகர்

வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, ஒரு கையில் கயிறும் மறு கையில் பழைய போர்வையுமாக உள்ளே வந்தார் ஓவியர்.

கேலரியை நடத்துபவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். அவள் அது கேலரி என்று எத்தனை தடவை சொன்னாலும் தெருவுக்கு அது படக்கடை, அவள் படக்கடை அக்கா. கல்யாண போட்டோவுக்கு ஃபிரேம் போடுவீர்களா என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

மற்ற ஓவியர்கள் ஏற்கெனவே தங்கள் படங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இவருடைய ஏழு படங்கள்தான். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள். அக்காவிடம் சுவருக்குக் குறைவில்லை. சித்திரம்தான் வண்டி ஏறப் பார்த்தது.

"விட்ருங்கக்கா. ஒரு ஆளாவது நின்னு பாத்திருப்பானா? மச்சான் கடைக்குக் கூப்பிடறார், இனிமே பிரஷ்ஷைத் தொடறதா இல்ல."

"ஒருத்தர் இருக்கார் தம்பி. தினம் மத்தியானம் வந்துடுவார். உன்னோட அந்த நீலப் படத்துக்கு முன்னாடிதான் நிப்பார். வேணும்னா இருந்து பாரு."

அவள் சொன்னது பொய்யில்லை. அவர் ஒரு காப்பீட்டு ஏஜென்ட். வீடு வீடாக ஏறி இறங்குகிறவர், இங்கே வந்தால் மட்டும் பாலிசியைப் பற்றி மூச்சு விட மாட்டார். நீலப் படத்தின் முன்னால் நின்று, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, முகத்தை உயர்த்திக் கண்ணை மூடிக்கொள்வார். ஒரு படத்தை அப்படி உள்வாங்கும் மனிதரை அக்கா வேறெங்கும் கண்டதில்லை.

ஓவியர் போர்வையை மடித்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். ஆசை யாரை விட்டது?

அன்று பார்த்துக் காலையிலிருந்து ஏசி வேலை செய்யவில்லை. அறை அடுப்பாகக் கொதித்தது. உள்ளே கால் வைத்த இரண்டு பேர், வைத்த காலை எடுத்துக்கொண்டு ஓடினார்கள்.

ஏஜென்ட் வந்துவிட்டார்.

நேராக நீலப் படத்திடம் போனார். பையைக் கீழே வைத்தார். பொத்தானைக் கழற்றினார். முகத்தை உயர்த்திக் கண்ணை மூடினார்.

'பார்த்தாயா?' என்பதுபோல் அக்கா புருவத்தைத் தூக்கினாள். ஓவியர் எழுந்து தலைமுடியைக் கோதிக்கொண்டார்.

ஏஜென்ட்டின் நெற்றி சுருங்கியது. ஒரு அடி இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார். பிறகு வலப்பக்கம். கண்ணைத் திறந்து, படத்துக்கு நேர் மேலே இருந்த பெட்டியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏசி ஓடலையா?"

அக்காவுக்கு உயிரே போய்விட்டது. ஓவியர் ஏசியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், குனிந்து கயிற்றைக் கையில் எடுத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

ஏஜென்ட் அலுத்துக்கொண்டே பையை எடுத்தார். அண்ணாந்த பார்வை கீழே இறங்கும் வழியில் படம் இருந்தது.

பையை மறுபடி கீழே வைத்தார்.

கிட்டே போனார். பின்னால் வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். வியர்வை காதோரம் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது, அதைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை. வழக்கமாக நிற்பதைவிட அதிக நேரமே நின்றார்.

"அட, நல்லாயிருக்கே! இதை எப்ப மாட்டினீங்க?"

மாட்டி எட்டு மாதம் ஆகிறது. அக்கா என்ன சொல்வதென்று தடுமாறுவதற்குள் ஓவியர் முந்திக்கொண்டார்.

"இன்னிக்குத்தான் சார். இன்னும் ஆறு இருக்கு, இப்படி வாங்க."