விசாகாவின் டம்ளர்

கூரையின் கண்ணாடி ஓட்டு வழியே காலை வெயில் பாயில் விழுகிறது. மகள் விசாகா காய்ச்சலில் போய் இன்று ஏழாம் நாள். அறவாழி இரு கைகளாலும் செம்பைப் பிடித்து, தட்டின் நடுவே இருக்கும் டம்ளரில் மெல்ல நீர் வார்க்கிறார். டம்ளர் நிறைந்து தட்டில் வழிய வேண்டும். அந்த நீரோடு புண்ணியம் இறந்தவரிடம் போய்ச் சேரும் என்பது பௌத்த வீடுகளின் வழக்கம். எதிரே பிக்கு தாழ்ந்த குரலில் ஓதுகிறார். ஆம்பூரில் எத்தனையோ சாவு வீடுகளில், "சேர்ந்ததெல்லாம் பிரியும், அவ்ளோதான்" என்று தேற்றியவர் அறவாழி. இந்த ஒரு வரி போதுமே, வேறு சாத்திரம் எதற்கு என்று கேட்பார். தோல் பதனிடும் ஷாப்பின் சாயம் ஏறிய அவர் விரல்களுக்குக் கீழே, டம்ளரில் புள்ளி புள்ளியாக வெட்டிய மகளின் பெயர் மின்னுகிறது. ஷூ கம்பெனி பஸ் வருவதற்குள் அவள் நின்றபடியே டீ குடிக்கும் டம்ளர் அது. நீர் விளிம்பைத் தொட்டு நடுங்குகிறது. செம்பு நிமிர்ந்துவிடுகிறது. "இன்னாங்க நிறுத்திட்டீங்க? வழியணும்ல, ஊத்துங்க," என்கிறாள் மனைவி நாகம்மா, அழுகையை விழுங்கிக்கொண்டு. அறவாழி உள்ளங்கையால் டம்ளரை மூடிக்கொள்கிறார். "இன்னும் ஒரு சொட்டு ஊத்துனா போய்டுவா, நாகு."