ஏகமனதாக

தலைவர் விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ‘பொறுப்பான வளர்ச்சி’ என்று தலைப்பிட்ட அத்தியாயத்தில் வந்து நின்றது அந்த ஈர விரல்.

நுரையீரல் மருத்துவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நானோ ஆராய்ச்சி அடுத்த பத்து வருடத்தில் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று திட்டம் போடுகிற குழு அது. கண்ணுக்குத் தெரியாத பொடியைப் பெயின்டில் கலக்கலாமா, பால் பாக்கெட்டில் பூசலாமா, குழந்தைகள் சட்டையில் ஏற்றலாமா என்று மதியம்வரை வாய் ஓயாமல் பேசினார்கள். அந்தப் பொடியை மூட்டை கட்டுகிறவர்களைப் பற்றி இருந்தது ஒரே ஒரு வரி. அவர்கள் எல்லோருடைய நுரையீரலையும் பரிசோதித்து முடிக்கும்வரை புதிய ஆலைகளுக்கு அனுமதி கிடையாது. எழுதியவள் அவள்தான்.

“அந்த வரிதான் கொஞ்சம் உறுத்துது. எடுத்துட்டா அத்தியாயம் நல்லா இருக்கும்,” என்றார் தலைவர், பல்லில் ஒட்டிய க்ரீம் பிஸ்கட்டை நாக்கால் துழாவியபடி.

அப்புறம் ஒவ்வொருவருக்காகப் போன் வர ஆரம்பித்தது.

இந்தக் குழுவில் எதையும் ஏகமனதாகத்தான் முடிவு செய்யவேண்டும். ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் திருத்தம் தோற்றுவிடும். அதனால் மனசு ஒப்பாதவர்கள் வாக்கெடுப்பு நேரத்தில் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்கள். அறைக்குள் போன் பேசக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. அந்த விதியை மட்டும் எல்லோரும் மதித்தார்கள். மிச்சம் இருப்பவர்கள் கை தூக்குவார்கள். யாருக்கும் பொல்லாப்பு இல்லை.

இயற்பியல் பேராசிரியர் ஹலோ ஹலோ என்றபடி எழுந்து போனார். அவர் போன் அடிக்கவே இல்லை. நுகர்வோர் சங்கத்து அம்மாள் போனைத் தலைகீழாகக் காதில் வைத்துக்கொண்டு போனாள்.

அடுத்து எழுந்தவர் வேதியியல்காரர். அவள் வாய் நிறைய அண்ணா என்று கூப்பிடுகிறவர். அந்த வரிக்காக நேற்றுவரை அவளோடு சேர்ந்து வரிந்துகட்டிக்கொண்டு நின்றவர். போனைக் காதில் வைக்கிற சிரத்தைகூட அவருக்கு இல்லை. சட்டைப்பையைத் தட்டிக் காட்டிவிட்டு நழுவினார். அவளுக்கு எங்காவது துப்பினால் தேவலை போலிருந்தது.

அவள் எழுந்திருக்கப்போவதில்லை.

அப்படி ஒரு மூட்டை கட்டும் அறையில்தான் அவள் தம்பி வேலை பார்க்கிறான். இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறான். கேட்டால், போக்கா, உடம்பு போட்டுடுச்சு என்று சிரித்து மழுப்புகிறான். காலையில் அவனைத் திட்டித்தான் ஸ்கேன் எடுக்க அனுப்பினாள். முடிவு வந்ததும் அங்கிருந்தே கூப்பிடுவார்கள். வந்தால் அதை இந்த மேசைமேல் போட்டுவிடலாம் என்று இருந்தாள். இது அண்ணா ஒருவருக்குத்தான் தெரியும்.

வராவிட்டாலும் வேண்டாம் என்று சொல்ல அவள் வாய் ஒன்று போதும். சொன்னால் வேலை நிலைக்காது. அவள் ஆஸ்பத்திரி நிர்வாகத்திலும் இந்தத் தலைவர் வைத்ததுதான் சட்டம். நிலைக்காவிட்டால் போகட்டும்.

அறையில் இப்போது மிச்சம் இருந்தவர்கள் பொடி விற்கிறவர்களும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறவர்களும்தான். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கதவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். உங்களுக்கு ஒன்றும் வரவில்லையா என்று கேட்கிற பார்வை.

அவள் போன் அடித்தது.

தெரியாத லேண்ட்லைன் நம்பர். ஸ்கேன் முடிவுதான். நான் வந்ததும் கை தூக்கலாம், ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னாள். தலைவர் அதற்கென்ன என்று பெருந்தன்மையாகத் தலையாட்டினார். நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

வராந்தாவில் சுவரோரமாக எல்லோரும் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்கு எதிர்முனையில் ஆளே இல்லை. ஒருவர் ஆளில்லாத போனில் யாரையோ நலம் விசாரித்துக்கொண்டிருந்தார். அவர்களைத் தாண்டிப் போய், தம்பி ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

“ரிப்போர்ட் இல்லம்மா, நான்தான். நீ பாட்டுக்கு வேண்டாம்னு சொல்லி வேலையத் தொலச்சுடுவியோன்னு பயந்துட்டேன். எப்படியோ வெளிய வந்துட்டே, அது போதும்.”

குரல் போனிலும் கேட்டது, பக்கத்திலும் கேட்டது.

திரும்பினாள். வரவேற்பு மேசையில் சாய்ந்துகொண்டு, ஆபீஸ் ரிசீவரைக் கையில் பிடித்தபடி வேதியியல்காரர் அவளைப் பார்த்துச் சிரித்தார். நிஜமாகவே கூடப்பிறந்தவர் மாதிரி கனிவான சிரிப்பு. அதுதான் அவளுக்குச் சகிக்கவில்லை.

உள்ளே கை தட்டினார்கள்.

கதவு திறந்தது. தலைவர் வெளியே வந்தார். காதில் போனோடு நிற்கிற அவளைப் பார்த்ததும் இடைஞ்சல் செய்துவிட்டவர்போல் நாக்கைக் கடித்துக்கொண்டார். பேசுங்கள், பேசுங்கள் என்று கையால் சாடை காட்டிவிட்டு, சத்தம் வராமல் நுனிக்காலில் நடந்து போனார்.