மூன்றாவது பாட்டு

“திருட்டு. அப்பட்டமான திருட்டு” என்று ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார் விமர்சகர்.

இருபது வருஷமாகப் பத்திரிகையில் புதுப் படப் பாட்டுகளுக்கும் ஆல்பங்களுக்கும் மதிப்பெண் போடுகிறவர். வாசகர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘தேள்’. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

“எதைச் சொல்றீங்க சார்?” என்று நிமிர்ந்தாள் பொறுப்பாசிரியை.

“இந்தப் புதுப் பையனோட ஆல்பம். மூணாவது பாட்டு. முப்பது வருஷத்துக்கு முந்தி வந்த மெட்டை அப்படியே உருவியிருக்கான். தாளத்தை மாத்திட்டா எவனும் கண்டுபிடிக்க மாட்டான்னு நினைப்பு.”

“அவனுக்கு இது முதல் ஆல்பம். நீங்க எழுதினா அப்புறம் எழுந்திருக்கவே மாட்டான். பழைய பாட்டுக்கு இசையமைச்சவர் இருக்காரில்ல? அவர் வாயால ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க. போட்டுடலாம்.”

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார்.

பஸ்ஸில் போகும்போது அந்தப் பழைய பாட்டு மனசுக்குள் ஓடிக்கொண்டே வந்தது. அவர் அம்மா துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றியவள். ரேடியோவில் எந்தப் பாட்டு வந்தாலும் மிஷின் கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருக்கும். இந்தப் பாட்டு வந்தால் மட்டும் கால் தானாக நின்றுவிடும்.

“ஒரு நிமிஷம் சும்மா இருடா, கேட்டுக்கறேன்” என்பாள்.

அம்மா சும்மா உட்கார்ந்து அவர் பார்த்தது அந்த நாலு நிமிஷம்தான். அதில் ஒருத்தன் கை வைத்தால் விட்டுவிடுவதா?

இசையமைப்பாளர் வீட்டில் ஆர்மோனியம் துணி போர்த்திக் கிடந்தது. அதன்மேல் மாத்திரை டப்பாக்கள்.

விமர்சகர் விஷயத்தைச் சொல்லிவிட்டு, போனில் பாட்டைப் போட்டார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். நாற்காலிக் கையில் விரல் தாளம் போட்டது. சரணம் வந்ததும் விரல் நின்றுவிட்டது.

“இன்னொரு தடவை போடுங்க தம்பி.”

போட்டார். பெரியவரின் கண்ணோரம் ஈரம். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி வலிக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டார் விமர்சகர். நோட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தார்.

“ஐயா, ‘இது என் மெட்டு’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

“பையன் போட்டோ இருக்கா?”

காட்டினார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“அப்படியே அவங்கப்பனை உரிச்சு வச்சிருக்கான்.”

“அப்பாவைத் தெரியுமா ஐயா?”

“பன்னெண்டு வருஷம் என்கிட்ட புல்லாங்குழல் வாசிச்சவன். ஒருநாள் ரெக்கார்டிங் இடைவேளையில ஓரமா உட்கார்ந்து எதையோ வாசிச்சுக்கிட்டிருந்தான். என்னடா இதுன்னு கேட்டேன். ‘வீட்டுல பையன் பொறந்திருக்கான் ஐயா. அவனைத் தூங்க வைக்க நானே போட்டது’ன்னான்.”

பெரியவர் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“அடுத்த மாசம் அந்த மெட்டு என் பேர்ல வந்துச்சு. அவன் ஏன்னு ஒரு வார்த்தை கேட்கலை. கேட்டா வேலை போயிடுமேன்னு பயந்திருப்பான். போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டான்.”

விமர்சகர் பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். மெதுவாக நோட்டை மூடப் போனார். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மூடாதீங்க தம்பி. திருட்டுன்னே எழுதுங்க. திருடினவன் பேரை மட்டும் மாத்திடுங்க.”