புது கம்பைலர் கட்டாயம்

“உங்க சாப்ட்வேரை நேத்து இடது கை சுண்டுவிரலாலயே கம்பைல் பண்ணிட்டேன். என் கம்ப்யூட்டர் கற்காலத்துல வாங்கினது. எழுதின புரோகிராமை மாத்தி ஓடவைக்க அதுல இருந்த பழைய கம்பைலரே போதும்!”

தான் எழுதி இணையத்தில் வெளியிட்ட சாப்ட்வேருக்கு ‘கிழட்டுப்புலி’ என்ற பெயரில் வந்திருந்த குறிப்பைப் படித்துவிட்டு அவன் இளக்காரமாகச் சிரித்தான்.

“புளுகுமூட்டை! புது கம்பைலர் கட்டாயம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கேன்.”

“பழசை வச்சு நீங்க பண்ணிப் பார்த்தீங்களா?” என்றாள் மனைவி.

“எதுக்கு? பழசுன்னா ஆகாது. அவ்வளவுதான்.”

“இன்னைக்குள்ள வெளியாள் ஒருத்தராவது கம்பைல் பண்ணலைன்னா, திட்டத்தையே இழுத்து மூடிடுவேன்னு உங்க மேனேஜர் சொன்னாரே. வந்த ஒரே ஆளையும் விரட்டாதீங்க.”

“இந்த ஜந்து தயவுலயா என் சாப்ட்வேர் பிழைக்கணும்?”

பதிலைத் தட்டினான்: ‘புலியாரே, அந்தக் கம்ப்யூட்டரை முதலில் பழைய இரும்புக்குப் போடுங்கள். ஆதாரம் உண்டா?’

பக்கத்து அறையில் மாமியார் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

“டிவில ஏதோ காமெடி போல” என்று முகத்தைச் சுளித்தான்.

உடனே பதில் வந்தது: ‘ஆதாரம்தானே? பக்கத்து ரூமுக்கு வாங்க மாப்பிள்ளை. ஓடிக்கிட்டிருக்கு.’

ஓடினான். பல வருஷம் புரோகிராமராகக் குப்பை கொட்டி ஓய்வுபெற்ற மாமியார், நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார். கிழட்டுக் கம்ப்யூட்டரில் அவனுடைய சாப்ட்வேர் குதிரையாக ஓடிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. மேனேஜர்.

“என்னப்பா, யாராவது கம்பைல் பண்ணினாங்களா, மூடிடலாமா?”

திரையை இன்னொரு முறை பார்த்தான்.

“பண்ணிட்டாங்க சார். பழைய கம்பைலர்லயே. என் கண்ணால பார்த்தேன்.”

“யாரு?”

“எங்க அத்தை, சார்.”