வெளியாளுக்கு மட்டும் குளிர்

எங்கள் வீட்டு ஏசியை இயக்கும் தெர்மோஸ்டாட்டில் பொத்தானே கிடையாது; பார்த்தே கற்றுக்கொள்ளும். சுவரில் நானே மாட்டினேன். மூன்றாவது முயற்சியில் நேராக நின்றது. ஒரு மாதம் எங்களைக் கவனித்துவிட்டு, விருந்தாளி வந்தால் மட்டுமே ஏசி என்ற எங்கள் குடும்ப ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்டது.

மே மாதம் வந்தது. நானும் மனைவி வசுமதியும் ஹாலில் வேர்த்து வழிந்தோம். சமையலுக்கு வரும் செல்லக்கிளியம்மா நுழைந்ததும் அடுப்படி மட்டும் குளுகுளுவென்று ஆனது. அவர் வெளியாளாம்.

"உங்களையும் வீட்டு ஆளா சேர்த்துடறேன், இதுல விரலை வைங்க," என்று பெருந்தன்மையாகத் தெர்மோஸ்டாட்டைக் காட்டினேன்.

கரண்டியோடு நின்றார். "சேர்த்தா குளிர் நின்னுடுமா சார்?"

"நின்னுடும்."

"இருபது வருஷமா அடுப்புல வேகுறேன். இப்பத்தான் வேர்க்காம தோசை சுடுறேன். நான் வெளியாளாவே இருந்துக்கிறேன் சார்."

"அவங்க சொல்றது நியாயம்தானே? உங்களுக்கு மூளைன்னு ஒண்ணு இருக்கா?" என்றாள் வசுமதி.

இருந்தது, வேலை செய்யத்தான் கொஞ்சம் நேரமானது. தெர்மோஸ்டாட் வைத்திருந்த வீட்டு ஆட்கள் பட்டியலிலிருந்து எங்கள் இருவர் பெயரையும் அழித்தேன். இப்போது அந்த வீட்டுக்கு வீட்டுக்காரர் என்று யாருமில்லை. விருந்தாளிகள் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து, வேர்க்காமல் தோசை சாப்பிட்டோம்.