முதல் இலையில் கஞ்சி

செண்பகவடிவின் மெஸ்ஸில் பன்னிரண்டு மணிக்கு விழும் முதல் இலை அவளுடையது. வாசல் மேசையில் எல்லோரும் பார்க்க அவள் நாலு வாய் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சோற்றில் கை வைப்பார்கள். பதினோரு வருடமாகக் கடைக்கு அதுதான் விளம்பரம். நேற்று டாக்டர் அதை நிறுத்திவிட்டார். பெருங்குடலில் சின்னச் சின்னப் பைகள் விழுந்து வீங்கியிருக்கின்றனவாம். டைவர்டிகுலைட்டிஸ் என்று பெயர் சொன்னார். வீக்கம் வடியும்வரை கஞ்சித்தண்ணீர் மட்டும்தான்.

இன்று அவள் இலைக்கு முன்னால் ஒரு டம்ளர் கஞ்சியோடு உட்கார்ந்தாள். யாரும் சோற்றைப் பிசையவில்லை.

"என்னக்கா, ஒங்க குழம்ப நீங்களே தொட மாட்டேங்கிய?" என்றான் லாரி ஆபீஸ் தங்கப்பழம்.

"நாலு நாளு கடையச் சாத்திருவோமாக்கா?" என்று சமையல்காரர் காதோரம் கேட்டார்.

அவள் உள்ளே போய் ஸ்கேன் படத்தை எடுத்துவந்து ஜன்னல் கம்பியில் செருகினாள். உச்சிவெயில் பட்டதும் அவள் வயிறு மொத்தமும் கறுப்பும் வெளுப்புமாகக் கடைக்கு முன்னால் தெரிந்தது.

"நல்லாப் பாத்துக்கிடுங்க தம்பி. கோளாறு இந்தக் குடல்லதான். குழம்புல இல்ல."

தங்கப்பழம் எழுந்து வந்து உற்றுப் பார்த்தான். "இதுல பை எங்கக்கா இருக்கு?"

"எனக்கு என்ன தெரியும்? டாக்டர் காட்டும்போது நான் வலியில கெடந்தேன். சாப்பிட்டுட்டு வந்து நிதானமாத் தேடுங்க. சோறு ஆறுது."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். டம்ளரைத் தூக்கி, இருபது பேருடைய கைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே குடிக்கத் தொடங்கினாள்.