துப்ப மாட்டேன்னு சொன்ன பெருச்சாளி

மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்குல குடிக்கிற கூட்டந்தானடா நீங்க? அப்போ இது உங்க கதைதான், கேளுங்க.

ஒயின் கிடங்குல ருசி பாத்துச் சொல்ற வேலைக்கு ஆள் எடுத்தாங்க. அந்த வேலை கிடைச்சே ஆகணும், இல்லன்னா திரும்பவும் சாக்கடைதான்னு சொல்லிக்கிட்டு பெருச்சாளியும் வந்துச்சு. பரீட்சை வெச்சது கிளி. அது என்ன சொன்னாலும் தலையாட்ட பக்கத்துலயே ஓணான்.

கிளி வெள்ளை ஒயினை ஒரு வாய் கொப்பளிச்சு, வாளியில துப்பிச்சு. "மழையில நனைஞ்ச கல்லு வாசம்." ஓணான் தலையாட்டிச்சு.

பெருச்சாளி முழுசா முழுங்கிட்டு, "எலுமிச்சம்பழம்ணே. கல்லை யாரு நக்கிப் பாத்தா?"ன்னுச்சு.

"முழுங்கக் கூடாதுடா, போதை ஏறினா ருசி தெரியாது. துப்பணும்."

"வாய்க்குள்ள வந்ததைத் துப்புறது எங்க வம்சத்துலயே கிடையாதுண்ணே."

அடுத்து சிவப்பு. கிளி துப்பிட்டு, "பழைய தோல் செருப்பு"ன்னுச்சு.

பெருச்சாளி அதையும் முழுங்கிச்சு. "செருப்பை நான் தின்னே பாத்திருக்கேன். இது நாவப்பழம்."

ஓணான் தலை தன்னால பெருச்சாளி பக்கம் ஆடிருச்சு. கிளிக்கு மூக்கு இன்னும் சிவந்துருச்சு.

"கடைசி, இனிப்பு ஒயின். துப்பினா வேலை, இல்லன்னா வெளிய போ."

பெருச்சாளி கிண்ணத்தை அப்படியே வாயில கவுத்துக்கிட்டு மீசையைத் தொடைச்சுது.

"வேலையை நீயே வெச்சுக்கண்ணே. நெசத்தைச் சொல்லிடறேன், நான் வந்ததே குடிக்கத்தான்."